எந்த நாணயத்தில் எழுதினீர் விலையை?

(நமுனுகுல வட்டாரத் தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தேயிலைக்கு என்ன விலை என்று கேட்க நமக்குத் தெரியும். கொழும்பு ஏலத்திலே சென்ற வாரம் விலை ஏறியதா, இறங்கியதா என்று கணக்கப்பிள்ளை முதல் கொழுந்து நிறுப்பவர் வரை பேசுகிறார்கள். ஆனால் அந்த விலை எந்த நாணயத்தில் எழுதப்பட்டது, எந்த நாணயத்தில் கொடுக்கப்பட்டது, இரண்டுக்கும் நடுவே விழுந்த துண்டு எவர் தலையில் போய் விழுந்தது என்று நாம் கேட்டதில்லை. இன்று அதைக் கேட்பதற்காகவே இங்கு நிற்கிறேன்.

நமுனுகுல மலையடியில் நின்றுகொண்டு ஈரானிய ரியாலைப் பற்றியும் சுவிஸ் பிராங்கைப் பற்றியும் பேச வந்துவிட்டானே இந்தச் சட்டத்தரணி என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். செய்யட்டும். ஆனால் குவைத் தினாரும் துபாய் திர்ஹமும் உங்கள் லயங்களுக்குப் புதியவையா? மத்திய கிழக்கு நாடுகளிலே வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிகள், சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் விசாரிப்பது என்ன? இன்று வீதம் எவ்வளவு என்பதைத்தான். 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் வங்கிகளின் அதிகாரபூர்வ வீதம் டொலருக்கு 203 ரூபா அளவிலேயே நின்றது. உண்டியல்காரனோ நாற்பது, ஐம்பது ரூபா கூட்டித் தந்தான். பணம் எந்த வழியே வரவேண்டும் என்று அந்தச் சகோதரிகளுக்கு எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் கற்பிக்கவில்லை. ஆகவே இது நமக்கு எட்டாத பாடம் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

முதலில் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அது என் தொழில், பொறுத்தருள்க.

கடன் ஒப்பந்தமொன்றில் இரண்டு நாணயங்கள் மறைந்திருக்கலாம். ஒன்று, கடன் எவ்வளவு என்று அளக்கும் நாணயம். அதைக் கணக்கு நாணயம் என்போம். மற்றது, கடனைத் தீர்க்கக் கையில் எடுத்துக் கொடுக்கும் நாணயம். அதைக் கொடுப்பு நாணயம் என்போம். இரண்டும் ஒன்றாயிருந்தால் சிக்கலில்லை. வேறு வேறானால், எந்த நாளின் வீதத்தில் மாற்றுவது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் விடை எழுதியவன் பிழைப்பான். எழுதாதவன் நீதிமன்றப் படியேறுவான்.

இதற்கொரு வழக்கு உண்டு. சட்டம் படிப்பவர் அனைவரும் படிக்கும் வழக்கு. மிலியாங்கோஸ் என்ற வணிகர் 1971இல் இங்கிலாந்துக் கம்பனி ஒன்றுக்கு நூல் விற்றார். விலையைச் சுவிஸ் பிராங்கில் எழுதினார். கம்பனி பணம் தரவில்லை. பணம் தரவேண்டிய நாளில் அந்தக் கடன் சுமார் 42,000 பவுண். வழக்கு விசாரணைக்கு வருமுன் பவுண் சரிந்துவிட்டது. அதே பிராங்குகளுக்கு இப்போது சுமார் 60,000 பவுண் வேண்டும். ஆங்கிலேய நீதிமன்றம் பவுணில் மட்டுமே தீர்ப்பளிக்கும், அதுவும் கடன் தவறிய நாளின் வீதத்திலேயே அளிக்கும் என்பது நெடுங்கால வழக்கம். 1960இல் கூட ஹவானா இரயில் பாதை வழக்கில் பிரபுக்கள் சபை அதையே உறுதிசெய்திருந்தது. அந்த வழக்கத்தின்படி போனால், கடன்பட்டவன் தாமதித்ததற்குப் பரிசாக 18,000 பவுண் இலாபம் அடைவான்! 1975 நவம்பரில் அதே பிரபுக்கள் சபை தன் பழைய தீர்ப்பைத் தானே கைவிட்டது. பிராங்கில் விற்றவனுக்குப் பிராங்கிலேயே தீர்ப்பு என்றது. தன் நாட்டு நாணயத்தில் விலையை எழுதி வைத்ததால் அந்த வணிகர் தப்பினார்.

இந்த வழக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நம் மலைக்கு வருவோம்.

1872ஆம் ஆண்டு முதல் இலங்கையில் ரூபாவும் சதமும் கணக்காயின. ரூபா அப்போது வெள்ளி. இலண்டனில் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் கிடைத்த பவுணோ தங்கம். 1871 அளவில் ஒரு ரூபா ஏறத்தாழ இரண்டு ஷில்லிங். ஜெர்மனி தங்கத்துக்கு மாறிற்று. மற்ற நாடுகளும் வெள்ளியைக் கைவிட்டன. வெள்ளி விலை சரிந்தது. 1892 அளவில் ரூபா ஒரு ஷில்லிங் மூன்று பென்சு என்ற அளவுக்கு வந்துவிட்டது. மறு ஆண்டு இந்திய நாணயசாலைகள் பொதுமக்களின் வெள்ளியை வாங்கி அச்சடிப்பதை நிறுத்தின.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். அந்நாளில் ஆணுக்கு நாட்கூலி 33 சதம் என்ற அளவில் இருந்தது. ரூபா இரண்டு ஷில்லிங்காக இருந்தபோது 33 சதம் என்பது தோட்டத்துரைக்கு எட்டுப் பென்சு செலவு. ரூபா சரிந்தபின் அதே 33 சதம் அவருக்கு ஐந்து பென்சு. கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை, பெரட்டுக்களத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு, ஐந்தாயிற்று! பவுணில் விற்றுத் தேயும் ரூபாவில் கூலி கொடுக்கும் அந்த ஏற்பாட்டில் பயன் எவர் பக்கம் சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மாருக்கு அந்த இழப்பு உடனே வயிற்றில் தெரியவில்லை. அவர்கள் உண்ட அரிசி இந்தியாவிலிருந்து வந்தது. அங்கும் அதே வெள்ளி ரூபாதான். ஆகவே அவர்கள் வாங்கிய கூலியின் அரிசிப் பெறுமதி அதே அளவுக்குச் சரிந்துவிடவில்லை. ஆனால் நாணயம் சரிந்ததால் பிறந்த இலாபத்தில் அவர்களுக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை. பங்கு கேட்கலாம் என்று அறிவதற்கே வழியில்லாதபோது எப்படிக் கேட்பார்கள்? அவர்கள் அறிந்த அந்நிய நாணயம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் துண்டு. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று ஒரு தோட்டம் எழுதித் தரும் சீட்டு. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களைப் பெறும். மனிதரையே மாற்றுப்பொருளாக வைத்து ஓடிய அந்தச் சீட்டை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஒழிந்தது நல்லதே.

இப்போது டொலரின் காலம். டொலர் எப்படிக் கடல் கடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கொழும்பு வணிகன் தெஹ்ரான் வணிகனுக்குத் தேயிலை அனுப்புகிறான், டொலரில் விலை. டொலர் நோட்டுக் கட்டுகள் கப்பலில் வருவதில்லை. தெஹ்ரான் வங்கிக்கும் கொழும்பு வங்கிக்கும் டொலர்க் கணக்கு முடிவில் நியூயோர்க் வங்கிகளின் ஏடுகளிலே கிடக்கிறது. அங்கே ஒரு வரியில் கழித்து, மறு வரியில் கூட்டினால் பணம் வந்துவிட்டது என்று பொருள். தோட்டத்துக் கடையில் செக்ரோலைப் பார்த்துப் பற்று எழுதுவதைப் போன்றதே இது. ஏட்டை வைத்திருப்பவன் ஏட்டை மூடினால், உங்களிடம் சரக்கிருந்தும் வியாபாரம் நின்றுவிடும்.

ஈரானுக்கு நிகழ்ந்தது அதுவே. அமெரிக்கத் தடைகள் இறுகின. 2012 மார்ச்சில் வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் சுவிப்ட் அமைப்பிலிருந்து ஈரானிய வங்கிகள் நீக்கப்பட்டன. 2016இல் திரும்பச் சேர்த்தார்கள். 2018 நவம்பரில் மீண்டும் துண்டித்தார்கள். இத்தனைக்கும் ஆசிய நாடுகள் டொலருக்காகப் பிறர் வாசலில் நிற்காமல் தம் கணக்குகளைத் தமக்குள்ளே நேர்செய்து கொள்வதற்கென்று 1974இல் அமைத்த ஆசியத் தீர்ப்பனவு ஒன்றியத்தின் தலைமையிடம் தெஹ்ரானிலேயே இருந்தது. இலங்கையும் இந்தியாவும் அதில் உறுப்பினர். 2010 டிசம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, ஈரான் எண்ணெய்க்கு அந்த வழியைப் பயன்படுத்தக் கூடாது என்று கதவை மூடிவிட்டது. பெயர் ஒன்றியம், நெருக்கடி வந்ததும் ஆளுக்கொரு திசை!

ஆனால் இந்தியா சும்மா இருக்கவில்லை. 2012 முதல் ஈரான் எண்ணெயின் விலையில் ஒரு பகுதியைக் கல்கத்தாவிலுள்ள யூகோ வங்கியில் இந்திய ரூபாவாகவே செலுத்திற்று. உலகச் சந்தையில் எவரும் எளிதில் வாங்காத அந்த ரூபாவை வைத்துக்கொண்டு ஈரான் என்ன செய்யும்? இந்தியாவிலேயே செலவழிக்க வேண்டும். பாசுமதி அரிசியும் அசாம் தேயிலையும் வாங்கிற்று. 2019இல் இந்தியா ஈரான் எண்ணெயை நிறுத்தியதும் அந்த ரூபாக் குளம் வற்றத் தொடங்கியது. அரிசி, தேயிலை வணிகர் பணத்துக்குத் தவித்தனர். அரிய நாணயத்தின் இயல்பு இதுவே. இருபுறமும் சரக்கு ஓடும்வரை அது பணம். ஒருபுறம் நின்றால் அது வெறும் கணக்கு.

நம் நாட்டின் கதை இன்னும் விசித்திரமானது. சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியபோதே ஈரானின் மசகெண்ணெய்க்கு ஏற்றவாறு அமைந்தது. 2012இல் அங்கிருந்து வாங்கிய எண்ணெய்க்குப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தரவேண்டிய கடன் 25 கோடியே 10 இலட்சம் டொலர். தர வழியில்லை, டொலர் ஏடு மூடியிருந்தது. ஆண்டுகள் ஓடின. 2021 டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை ஈரானுக்கு அனுப்பிக் கடனைக் கழிப்பது என்று முடிவாயிற்று. 2022இன் பொருளாதார வீழ்ச்சியால் அது தள்ளிப்போய், 2023இலேயே சரக்கு ஏறத் தொடங்கியது. 2024 தொடக்கத்தில் சுமார் 2 கோடி டொலர் அளவுக்குக் கழிந்ததாகச் சொல்லப்பட்டது.

அது இயங்கும் முறையைக் கவனியுங்கள். ஈரானியத் தேயிலை வணிகன் தன் பணத்தைத் தன் நாட்டில் ரியாலாகக் கட்டுகிறான். அது ஈரானின் எண்ணெய்க் கணக்கில் சேர்கிறது. இங்கே பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாவைத் தருகிறது. தேயிலைச் சபையின் மேற்பார்வையில் அது ஏற்றுமதியாளர் கைக்குப் போகிறது. கடலைக் கடப்பது தேயிலை மட்டுமே. ஒரு டொலரும் நகரவில்லை. நியூயோர்க் ஏட்டில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. தேயிலை உணவுப் பொருள், தடைசெய்யப்பட்ட வங்கி எதுவும் இதில் இல்லை, ஆகவே தடையை மீறவில்லை என்று நம் அதிகாரிகள் விளக்கினார்கள்.

இந்த உடன்பாடு சரியா, தவறா? சரியென்றே நான் கருதுகிறேன். நாட்டுக்கு வரக்கூடிய டொலர் வராமல் போகிறதே என்று கொழும்பில் சிலர் குறை சொன்னார்கள். தரமுடியாத வாடிக்கையாளனிடம் டொலர் கேட்டு நிற்பதைவிட, கடனைக் கழித்துச் சந்தையைக் காப்பது மேல். நமக்கு இதில் முன்மாதிரியும் உண்டு. 1952 டிசம்பரில் சீனத்தோடு செய்த இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தின்படி ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் போயிற்று. 2,70,000 தொன் அரிசி வந்தது. இறப்பருக்குச் சீனம் உலக விலையைவிட உயர்ந்த விலை தந்தது. அமெரிக்கா சினந்து உதவியை நிறுத்திற்று. அதற்காக எவர் வீட்டு உலையும் அவியவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை வைத்தே தீரவேண்டும். கடன் டொலரில் அளக்கப்பட்டது. அதுவே கணக்கு நாணயம். கொடுக்கப்படுவதோ ரூபா. 2012இல் டொலர் சராசரியாக 127 ரூபா. அன்று தீர்த்திருந்தால் சுமார் 3,200 கோடி ரூபா. டொலர் 300 ரூபாவென்று கொண்டால் அதே கடன் 7,500 கோடி ரூபாவைத் தாண்டும். அன்று அந்த எண்ணெயைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மக்களுக்கு விற்றது 2012ஆம் ஆண்டு ரூபா விலையில். எண்ணெய் எரிந்து புகையாகிப் பல்லாண்டுகள் கழிந்தபின், நடுவில் விழுந்த 4,300 கோடித் துண்டை எவர் தாங்குவது? கூட்டுத்தாபனம் தாங்கும் என்பார்கள். கூட்டுத்தாபனத்துக்கு ஏது பணம்? பவுசரில் வரும் எண்ணெயிலும், உங்கள் வீட்டு மண்ணெண்ணெயிலும், பஸ் கட்டணத்திலும் இருந்தே அது வரும். மிலியாங்கோஸ் வழக்கில் சுவிஸ் வணிகர் பெற்ற பாதுகாப்பை இங்கே ஈரான் பெற்றது. அதைக் குறைசொல்ல மாட்டேன். விற்றவனுக்கு அது நியாயமே. மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் எந்த நாளின், எந்த வங்கியின் வீதத்தில் ரூபாவாக்கப்படுகிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, தேயிலை பறிக்கும் தோட்டங்களின் அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஈரானுக்குப் போவது பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலை, நம் ஊவாத் தேயிலைக்கு அதிலென்ன என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும்போது இந்த மலைச்சரிவுகளில் பிறக்கும் மணத்துக்கு வேறு நாடுகளில் வாடிக்கை. ஆனால் ஈரானும் ஊவாவும் வேறோரிடத்தில் சந்தித்திருக்கின்றன. உமா ஓயாவை மறந்துவிட்டீர்களா? வெலிமடைப் பக்கம் அணை. பண்டாரவளைப் பகுதியை ஊடறுத்துச் சுரங்கம். எல்ல – வெல்லவாய வழியில் நிலத்துக்கடியில் 120 மெகாவாட் மின்னிலையம். சுமார் 50 கோடி டொலர்த் திட்டம். பெரும்பகுதியை ஈரானிய வங்கி கடனாகத் தருவதாக இருந்தது. சுமார் 5 கோடி டொலர் வந்தபின் தடைகள் குறுக்கிட்டன. ஈரானியக் கம்பனி வேலையைத் தொடர்ந்தது, மீதிப் பணத்தை இலங்கை அரசே கட்டிற்று. 2024 ஏப்ரல் 24ஆம் நாள் ஈரான் அதிபர் ரைசி நேரில் வந்து திறந்துவைத்தார். சுரங்கத்தில் நீர் கசிந்து, 2014 டிசம்பர் தொடங்கிப் பண்டாரவளைச் சுற்றூர்களில் கிணறுகள் வற்றியதும் வீட்டுச் சுவர்கள் வெடித்ததும் உங்களுக்குத் தெரியும். பணம் அனுப்பும் வழி அடைபட்டால், அதன் சுமை தெஹ்ரானிலும் நியூயோர்க்கிலும் நின்றுவிடுவதில்லை. ஊவாவுக்கும் வந்து சேர்கிறது.

இனி, நம் அடுப்படிக்கு வருவோம்.

2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. அன்றைய வீதத்தில் அது ஏறத்தாழ ஐந்து டொலர். எத்தனை ஆண்டுப் போராட்டம் அது! 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைக் கைவிட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபா. நம் 1,000 ரூபா இரண்டே முக்கால் டொலராகச் சுருங்கிற்று. அதே வேளையில் கொழும்பு ஏலத்தில் நடந்தது என்ன? வாங்குபவன் வெளிநாட்டில் டொலரில் விற்கிறவன். அவன் கையில் ஒவ்வொரு டொலருக்கும் கூடுதல் ரூபா கிடைத்தது. ஆகவே கூட்டிக் கேட்டான். 2021இல் கிலோவுக்கு 620 ரூபா அளவில் நின்ற சராசரி, 2022இல் ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று.

கம்பனிகளுக்கும் நியாயம் செய்வோம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்தார்கள், விளைச்சல் வீழ்ந்தது. உரமும் எண்ணெயும் தீவிலைக்கு ஏறின. அவர்களுக்குச் செலவு கூடியதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் விற்ற பொருளின் விலை டொலரோடு சேர்ந்து தானே ஏறியது. நாம் விற்ற பொருளின் விலை ஏறவில்லை. நாம் விற்பது உழைப்பு. அதன் விலை 1,000 ரூபாவென்று மரத்தில் ஆணியடித்ததுபோல் நின்றது. கோதுமை மா டொலரைப் பார்த்து ஏறிற்று, சீனி ஏறிற்று, பிள்ளையின் காய்ச்சல் மருந்து ஏறிற்று. 2024 செப்டெம்பரில்தான் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. மூன்றரை ஆண்டுகள்! 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், அதன்மேல் வருகைக்கு அரசு தரும் 200 ரூபாவும் அறிவிக்கப்பட்டன. ஆகமொத்தம் 1,750. டொலர் 300 ரூபாவைத் தாண்டிய நிலையில் அதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2021இல் நின்ற ஐந்து டொலரைச் சுற்றி வந்து, அதையும் சற்றே தாண்டியிருக்கிறோம். இடையில் போன ஆண்டுகளின் இழப்பை எவரும் திருப்பித் தரவில்லை. எந்தச் சட்டத்தின்கீழ் கேட்பது? 1,000 ரூபாவென்று எழுதியிருந்தது; 1,000 ரூபா தந்துவிட்டார்கள். பெயரளவில் அதே தொகையைத் தந்தால் கடன் தீர்ந்தது என்பதே சட்ட விதி. அந்த ரூபா எதை வாங்கும் என்று சட்டம் பார்ப்பதில்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய.

நம்மைப் பெயர் சொல்லி நாணயப் பிரிவொன்று எழுதப்பட்டதே இல்லையா? ஒருமுறை எழுதப்பட்டது. எப்போது? நம்மை ஏற்றி அனுப்பியபோது! 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். நாடு திரும்புவோர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளை எடுத்துச்செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்று அதில் ஒரு பிரிவு. நூறாண்டு உழைப்புக்கு வகுத்த எல்லை அது. அந்த 4,000 எந்த ரூபா? கையெழுத்திட்ட நாளில் கேள்வியே எழவில்லை. இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் டொலருக்கு 4.76 என்று சமமாக நின்றன. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவை 7.50க்கு இறக்கிற்று. உடனே இலங்கையின் 4,000 அங்கே 6,300 ஆயிற்று. 1967 நவம்பரில் இலங்கை தன் ரூபாவை 5.95க்கு இறக்கிற்று. 6,300, ஐயாயிரத்துச் சொச்சமாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்கும்? எந்த மாதத்தில் கப்பலேறினாய் என்பது எத்தனை ஆண்டு உழைத்தாய் என்பதோடு போட்டியிட்டது. அந்தப் பிரிவை எழுதிய மேசையில் நம்மவர் ஒருவரும் இல்லை.

இந்த முறை மேசையில் நாம் இருக்கவேண்டும். கையில் வாசகத்தோடு இருக்கவேண்டும். புதிதாக எதையும் கேட்கவில்லை. 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் சட்டத்தின்கீழ் தொடக்க காலத்தில் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடு ஏறியிறங்கும் பஞ்சப்படி நமக்கு இருந்தது. 2019ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் கூட விலைப் பங்குக் கொடுப்பனவு என்று 50 ரூபா இருந்தது. விலையில் பங்கு என்று பெயர். விலை ஏறினாலும் அது ஐம்பதே! பெயரை வைத்தார்கள், பொருளை வைக்கவில்லை. எனினும் தொழிலாளிக்கு விலையில் பங்குண்டு என்ற கொள்கையைக் கம்பனிகள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருந்தன. 2021இல் அவை கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியபோது அதுவும் போயிற்று.

டொலரோடு கட்டுவதா, வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடு கட்டுவதா என்பதில் நமக்குள் இரு கருத்துண்டு. சுட்டெண்தான் தொழிலாளர் இயக்கத்தின் பழைய வழி, அதை விடக்கூடாது என்று மூத்த தோழர்கள் சொல்கிறார்கள். நான் டொலரை ஏன் சொல்கிறேன்? சுட்டெண்ணைக் கொழும்பில் கணக்கிடுகிறார்கள். எந்தப் பொருளைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பல மாதம் வாதாடலாம். மத்திய வங்கியின் வீதமோ நாள்தோறும் வெளிவருகிறது, வானொலியில் கேட்கலாம். அதைவிட முக்கியம், கம்பனி தன் சரக்கை எந்த அளவுகோலில் விற்கிறதோ அதே அளவுகோலில் நமக்கும் அளக்கச் சொல்கிறோம். தன் அளவுகோலே தவறென்று கம்பனி எப்படி வாதிடும்? ரூபா உயர்ந்தால் சம்பளத்தைக் குறைக்கச் சம்மதிப்பீர்களா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். சம்மதிக்கமாட்டோம். சம்பளச் சபை நிர்ணயிப்பது குறைந்தபட்சச் சம்பளம். அதற்கு மேலே கதவு உண்டு, கீழே கதவு கிடையாது.

வரைவு வாசகத்தை எழுதி வந்திருக்கிறேன். மெதுவாக வாசிக்கிறேன், கமிட்டித் தலைவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

“அமெரிக்க டொலருக்கு மத்திய வங்கி வெளியிடும் மாதச் சராசரி மாற்று வீதம், இவ்வொப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட மாதத்தின் சராசரியிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் உயருமிடத்து, அடுத்து வரும் காலாண்டின் முதல் நாள் தொடக்கம் அடிப்படை நாட்சம்பளம் அதே விகிதத்தில் உயர்த்தப்படும். உயர்த்தப்பட்ட தொகைக்குச் சேமலாப நிதியும் செலுத்தப்படும். வீதம் இறங்குமிடத்துச் சம்பளம் குறைக்கப்படமாட்டாது.”

நூற்றுக்கு ஐந்து என்பது கூடுதலா, குறைவா? காலாண்டு என்பதை மாதமாக்கலாமா? கைக்காசுக்கும் பகுதிநேரக் கொழுந்துக்கும் இது எப்படிப் பொருந்தும்? இவற்றில் உங்கள் கருத்து இல்லாமல் இந்தத் தாள் கொழும்புக்குப் போகாது. பசறைப் பக்கத் தாய்மார்கள் கையுயர்த்தியிருக்கிறார்கள், அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.